லோங்கோனோட்டைச் 'சின்ன மலை' என்று அறிவிக்காதீர்கள்

மலையேற்றக் குழு நடத்துபவர்களுக்கு,

வணக்கம். சனி, ஞாயிறுகளில் நைரோபியிலிருந்து வேன் பிடித்து லோங்கோனோட் தேசியப் பூங்காவுக்கு ஆட்களைக் கூட்டிச்செல்லும் எல்லாக் குழுக்களுக்குமாக இதை எழுதுகிறேன். அலுவலகமும் வீடுமாக அடைந்து கிடந்த எத்தனையோ பேர் ஓர் எரிமலையின் விளிம்பில் நின்று பார்த்தது உங்களால்தான். அந்த நன்றியோடு கேட்கிறேன்: 'சுலபமான மலை', 'அரை நாளில் முடியும்', 'யாரும் வரலாம்' என்று அறிவிப்பதை நிறுத்துங்கள்.

உயரத்தை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றும். உச்சி 2776 மீட்டர். பூங்கா வாசலே ஏறத்தாழ 2150 மீட்டரில் இருப்பதால் ஏற வேண்டியது அறுநூற்றுச் சொச்சம்தான். ஆனால் வாசலிலிருந்து எரிமலை வாயின் விளிம்புக்குப் போகும் மூன்று கிலோமீட்டரில் கடைசிப் பகுதி செங்குத்து. அதை முடித்துவிட்டு 'அப்பாடா' என்று உட்காருபவருக்கு விளிம்பைச் சுற்றிவர இன்னும் 7.2 கிலோமீட்டர் பாக்கி. அதுவும் சமதளமல்ல, ஏறி, இறங்கி, மறுபடி ஏறும் முகடு. உச்சியை நெருங்கும் சில இடங்களில் கையையும் ஊன்றியாக வேண்டும். போக வர எல்லாம் சேர்த்தால் 13 கிலோமீட்டருக்கு மேல். நிலநடுக்கோட்டுக்கு அவ்வளவு அருகில் இருக்கும் இடத்தில், நிழலில்லாத முகட்டில், நடுப்பகல் வெயிலில் இது சின்ன வேலை இல்லை. மலையில் குடிநீரும் கிடையாது.

உங்கள் அறிவிப்பை நம்பி வருபவர் அரை லிட்டர் தண்ணீரும் வழவழப்பான செருப்புமாக வந்து நிற்கிறார். வழிகாட்டி வேகமாக நடப்பவர்களோடு முன்னே போய்விடுகிறார். மூச்சு வாங்கிப் பின்தங்கியவர் தனியாகிறார். மலையடிப் புதர்க்காட்டில் வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் மட்டுமல்ல, காட்டெருமையும் உண்டு. பொழுது சாயும் நேரத்தில் களைத்த ஒருவர் அந்த வழியே தனியே இறங்குவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. கடைசி ஆளுக்குப் பின்னால் உங்கள் ஆள் ஒருவர் கட்டாயம் நடக்க வேண்டும்.

மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் மனத்தை அதிகம் உறுத்துவது அதுதான். லோங்கோனோட் எரிமலைச் சாம்பலும் நுரைக்கல்லும் குவிந்த மலை. கடைசியாகச் சீறியது 1860களில் என்கிறார்கள். அந்த மண்ணுக்குப் பிடிப்பு குறைவு. கால் பட்டுப் புல் அழிந்த தடத்தில் மழைநீர் இறங்கி ஓடை போல் அறுத்துவிடுகிறது. பள்ளத்தில் நடக்கக் கஷ்டப்பட்டுப் பக்கத்தில் நடக்கிறோம். அடுத்த மழையில் அதுவும் பள்ளமாகிறது. இறங்கும் அவசரத்தில் வளைவுகளைக் குறுக்கே வெட்டி ஓடும் ஒவ்வொரு கூட்டமும் புதிதாக ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டுப் போகிறது. ஐம்பது பேரை ஒரே மூச்சில் ஏற்றாமல் சிறு சிறு குழுக்களாகப் பிரியுங்கள். தடத்தை விட்டு இறங்கக் கூடாது என்பதை வேனிலேயே சொல்லுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் புட்டிகளுக்குக் கென்யாவின் தேசியப் பூங்காக்களில் 2020 ஜூன் முதல் தடை இருப்பதையும் அப்போதே நினைவூட்டலாம்.

விளிம்போடு திரும்புவதைத் தோல்வியாகப் பேசாதீர்கள். அங்கிருந்து கீழே பார்த்தால் எரிமலை வாய்க்குள் ஒரு முழுக் காடு தெரிகிறது. வடமேற்கே நைவாஷா ஏரி விரிகிறது. அது போதாதென்று யார் சொன்னது? உச்சியில் எடுத்த படங்களை மட்டுமே நீங்கள் வெளியிடுவதால், முடியாதவர்களும் வெட்கத்துக்காக நடந்து முழங்காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஆகவே அடுத்த அறிவிப்பிலிருந்து 'விளிம்பு வரை', 'முழுச் சுற்று' என இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். தூரம், ஏற்றம், ஆளுக்குக் குறைந்தது மூன்று லிட்டர் தண்ணீர், பிடிப்புள்ள காலணி ஆகியவற்றைக் கட்டணத்துக்கு மேலேயே, அதே எழுத்தளவில் எழுதுங்கள். வாசல் திறந்ததும் ஏறத் தொடங்கும்படி நைரோபியிலிருந்து விடியுமுன் கிளம்புங்கள். இத்தனை மணிக்குள் விளிம்புக்கு வராதவர்கள் சுற்றுக்குப் போக முடியாது என்று ஒரு நேரம் வைத்து, பணம் கட்டியவர் எவ்வளவு வற்புறுத்தினாலும் அதை மாற்றாதீர்கள்.

இப்படிக்கு,
அதே மலையில் உங்களோடு ஏறும் ஒருவர்