ஆலோசனை அறைக்கு ஒரு கதவு

ஆசிரியர் அவர்களுக்கு,

சாதாரண தரப் பெறுபேறு வந்த கிழமை, 9ஏ (ஒன்பது பாடத்திலும் ஏ) எடுத்த பிள்ளைகளின் படங்களை ஒரு பக்கம் நிறையப் போட்டிருந்தீர்கள். அதில் இரண்டு பேர் கீழ் வகுப்புகளில் என்னிடம் கணிதம் படித்தவர்கள். சந்தோசம்தான், அந்தப் பக்கத்தை வெட்டி வைத்திருக்கிறேன். ஆனால் அதைப் பார்த்த அன்று எனக்கு ஞாபகம் வந்தது, முதல் பாடவேளையில் மேசையில் தலை வைத்துத் தூங்கிய வேறொரு பிள்ளை.

நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. வீடு மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில், படிப்பித்தது வாவிக்கு மேற்கே படுவான்கரையில். கடைசி ஆறு வருடங்கள் பாடசாலையின் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியையாகவும் இருந்தேன், பெயரளவில். அந்தப் பிள்ளை அப்போது பத்தாம் ஆண்டு. எந்நாளும் காலையில் தூக்கம். போன்தான் காரணம், டிக்டொக் பார்க்கிறாள் என்று ஆசிரியர் அறையில் எல்லாரும் முடிவு கட்டிவிட்டோம். நானும்தான். இரண்டு தடவை எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன்.

உண்மை தெரிந்தது மண்டூர் - குருமண்வெளிப் பாதையில், அதாவது வாவியைக் கடக்கும் தோணியில். அவள் களுவாஞ்சிக்குடிக்கு ரியூசனுக்குப் போகிறாள், நான் வீட்டுக்குத் திரும்புகிறேன். தோணி நடு வாவிக்கு வந்தபோது, நான் ஒன்றும் கேட்காமலே சொன்னாள்: "அம்மா ராவைக்கு ஒரு மணிக்குத்தான் எடுப்பா மிஸ்." தாய் குவைத்தில் வீட்டு வேலை. அங்கே வேலை முடிந்து போன் கைக்கு வரப் பத்தரை ஆகும். அங்கே பத்தரை என்றால் இங்கே ஒரு மணி. அம்மம்மா தூங்கிவிடுவா, தம்பி தூங்கிவிடுவான். இவள் மட்டும் போனை மடியில் வைத்துக்கொண்டு விழித்திருப்பாள்.

சரி, இதற்கு வழி பெரிதாக ஒன்றும் இல்லை. தாயோடு கதைத்தேன். இரவில் குரல் பதிவு அனுப்புங்கள், பிள்ளை காலையில் கேட்கட்டும், விடுமுறை நாளில் மட்டும் நேரில் எடுங்கள் என்றேன். தாய் அழுதா, பிறகு ஒத்துக்கொண்டா. இரண்டு கிழமையில் பிள்ளை வகுப்பில் கண் திறந்திருந்தாள். ஐந்து நிமிடத்தில் தீர்ந்த விசயம் அது. அந்த ஐந்து நிமிடம் எனக்கு வாய்க்க ஒரு தவணை போனது. அதுவும் பாடசாலையில் வாய்க்கவில்லை, தோணியில் வாய்த்தது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் ஆலோசனை அறை விளையாட்டுச் சாமான் போடும் அறையின் ஒரு மூலை. அரைச்சுவர், கதவு இல்லை. பக்கத்தில் ஒன்பதாம் ஆண்டு வகுப்பு. அங்கே வந்து ஒரு பிள்ளை வாய் திறந்தால் மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் யாரும் வரவில்லை. வராததை வைத்து, எங்கள் பிள்ளைகளுக்குப் பிரச்சினை இல்லை என்று படிவம் நிரப்பி அனுப்பினோம். எனக்கோ மற்றவர்களைப் போலவே முழு நேரசூசி, அதற்கு மேலே ஒழுக்காற்றுக் குழுவிலும் பெயர். காலையில் தலைமயிர் வெட்டாததற்கு ஒரு பையனை ஏசிவிட்டு, பின்னேரம் "மனதில் உள்ளதைச் சொல்லு மகன்" என்றால் அவன் என்ன சொல்லுவான்?

எங்கள் மாவட்டத்துக்கு உளவளத்துணை என்ற சொல் புதிதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு எத்தனை செயலமர்வுகள், எத்தனை பதாகைகள். 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகும் ஆட்கள் வந்தார்கள். அழிவு வந்தால் வருகிறார்கள், அது தேவையும்தான். ஒரு மணிக்கு வரும் அழைப்புக்காக விழித்திருக்கும் பிள்ளைக்கு அழிவு ஒன்றும் நடக்கவில்லை. அவளைத் தேடி எந்தத் திட்டமும் வராது, தினமும் அவளைக் காணும் ஓர் ஆசிரியர்தான் கவனிக்க வேண்டும்.

தாய்மாரைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. நுண்கடனும் 2022 விலைவாசியும் வீட்டுக்குள் வந்தபோது அவர்கள் வேறென்ன செய்வது? ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகக்கூடாது என்று 2013 இல் விதி வந்தது, 2022 இல் அந்த வயதை இரண்டாக்கினார்கள். வாதம் எல்லாம் கைக்குழந்தை பற்றியே. பதினாலு வயது என்றால் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துக்கொள்கிறோம். இன்னொன்று: எங்கள் பகுதியில் தாய்வழி உறவு ஒரே வளவில், அடுத்தடுத்த வளவில் இருக்கிறது. பெரியம்மா, சித்தி கூப்பிடு தூரத்தில். பெற்றோர் கூட்டத்துக்குத் தாய் தகப்பன் வரவேண்டும் என்று கடிதம் அனுப்பாமல், அந்தப் பெரியம்மாவை வரச் சொல்லலாமே. நான் அப்படிச் செய்த இரண்டு வருடமும் கதிரைகள் போதவில்லை.

1929 சிறுவர் உதவி இலக்கமும் 1926 மனநல இலக்கமும் சுவரில் ஒட்டியிருக்கின்றன, நல்லது. ஆனால் வீட்டில் ஒரு போன்தான், அதுவும் அம்மம்மாவின் இடுப்பில்.

ஆலோசனை ஆசிரியரின் பாடவேளையைக் குறையுங்கள் என்றால் கணிதத்துக்கு ஆள் எங்கே என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்பார்கள். நியாயமான கேள்வி, படுவான்கரையில் கணிதத்துக்கு ஆள் கிடைப்பது எப்போதும் பாடுதான். ஆனால் பல பாடசாலைகளில் பட்டதாரி அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். இடாப்பு, படிவம், தரவு என்று எங்கள் நேரத்தைத் தின்னும் வேலைகளை அவர்களிடம் கொடுத்தால் கிழமைக்கு நாலைந்து பாடவேளையாவது மிஞ்சும். ஒழுக்காற்றுக் குழுவில் இருந்து ஆலோசனை ஆசிரியரின் பெயரை எடுக்க ஒரு சதமும் செலவில்லை.

கதவு விசயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் தச்சாசாரியைக் கூட்டிப் போய் அளவும் எடுத்தாயிற்று. விளையாட்டுச் சாமானை எங்கே மாற்றுவது என்று பாடசாலை இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
களுவாஞ்சிக்குடி.