ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னாலும்

அன்புள்ள பாப்பா,

லேப்ராஸ்கோப்பிக்கு, அதாவது தொப்புளில் துளை போட்டுக் குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்க்கிற ஆபரேஷனுக்கு, தேதி கொடுத்துவிட்டார்கள் என்று நேற்று நீ போனில் சொன்னதும் அப்பா டிவியை அணைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன ஆபரேஷன்தான் என்று அவருக்குத் தைரியம் சொன்னேன். அப்புறம் நெடுநேரம் அடுப்படியில் சும்மா நின்றுகொண்டிருந்தேன். உன்னிடம் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. போனில் எனக்கு வராது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். நீ பத்தாவது படிக்கும்போது மாதம் மூன்று நாள் சுருண்டு படுத்துவிடுவாய். மோரில் வெந்தயம் போட்டுக் கொடுத்தேன், அடிவயிற்றில் விளக்கெண்ணெய் தடவிவிட்டேன், "எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதான், கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்" என்றேன். வேறு யார் அப்படிச் சொல்லியிருந்தாலும் தெரியாமல் சொன்னார்கள் என்று விட்டுவிடலாம். முப்பது வருஷம் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்தவள் நான். அந்த வலிக்குள் என்ன இருக்கலாம் என்று கண்ணால் பார்த்தவள்.

1990 வாக்கில் இருக்கும். அப்போது எங்கள் தியேட்டரில் திரையெல்லாம் கிடையாது. குழாயின் மேல்முனையில் ஒற்றைக் கண்ணை வைத்து டாக்டரம்மா பார்ப்பார், நாங்கள் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்போம். பெரும்பாலும் குடும்பக் கட்டுப்பாட்டுக்குத்தான் அந்தக் கருவியை எடுப்பார்கள். அன்றைக்கு, ஆறு வருஷமாக வயிற்றுவலி என்று வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு உள்ளே விட்டுப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "சிஸ்டர், இங்க வந்து பாருங்க" என்று டாக்டரம்மா நகர்ந்துகொண்டார். கர்ப்பப்பை இளஞ்சிவப்பாகப் பளபளவென்று இருந்தது. அதன் பின்பக்கம், அதைத் தாங்கிப் பிடிக்கிற நாரின் மேல், தாளிக்கும்போது கருகிப்போன கடுகைச் சிதறவிட்ட மாதிரி கரும்புள்ளிகள். பக்கத்தில் குடல் ஒட்டிக்கொண்டு இழுபட்டுக் கிடந்தது. "எண்டோமெட்ரியோசிஸ். இவ நடிக்கல சிஸ்டர்" என்றார்.

பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருத்திக்கு இது இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே போய் ஒட்டிக்கொண்டு அங்கே புண்ணும் தழும்பும் உண்டாக்குகிறது. எவ்வளவு பரவியிருக்கிறதோ அவ்வளவு வலி என்ற கணக்கும் கிடையாது. நாலு புள்ளி இருக்கிறவள் துடித்துப்போவாள், முட்டைப்பை நிறைய சாக்லேட் கட்டி (பழைய ரத்தம் தேங்கிய நீர்க்கட்டி) வைத்திருப்பவளுக்கு ஒரு வலியும் இருக்காது.

ஸ்கேன், எம்.ஆர்.ஐ. எல்லாம் நார்மல் என்று வந்த பிறகும் எதற்கு ஆபரேஷன் என்று கேட்டாய். சிறு புள்ளிகள் ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. முன்பெல்லாம் உறுதிப்படுத்த வேண்டுமென்றால் நேரே துளை போட்டுப் பார்ப்பதுதான் வழக்கம். இந்த நோய்க்கு ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கம் (ESHRE) 2022ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அது மாறிவிட்டது. ஸ்கேனில் ஒன்றும் தெரியாதவர்களுக்கும், மருந்து கொடுத்துக் கேட்காதவர்களுக்கும்தான் லேப்ராஸ்கோப்பி என்கிறார்கள். அது சரியான மாற்றம் என்றுதான் எனக்கும் படுகிறது. உனக்கு இரண்டுமே பொருந்துகிறது. ஒரு வருஷம் ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டும் வலி விடவில்லையே. அதனால் உன் டாக்டர் அவசரப்படுகிறார் என்று நினைக்காதே.

நீ இருக்கிற மான்செஸ்டரிலிருந்து டிராமில் போகிற தூரத்தில்தான் ஓல்டாம். அந்த ஊர் ஆஸ்பத்திரியில்தான் பேட்ரிக் ஸ்டெப்டோ என்ற டாக்டர் இந்தக் குழாயை வைத்துப் பெண்களின் வயிற்றுக்குள் பார்த்துப் பார்த்துக் கை பழகினார். 1967ல் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். அதே குழாய் வழியாகத்தான் கருமுட்டை எடுத்து, 1978ல் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. எனக்குப் பயிற்சிக் காலத்தில் சொல்லிக்கொடுத்த கதை இது. என் மகள் அந்த ஊர்ப் பக்கத்திலேயே போய் அதே ஆபரேஷனுக்குப் படுப்பாள் என்று அப்போது நினைத்தேனா!

மயக்க மருந்து கொடுத்த பிறகு உனக்கு ஒன்றும் தெரியாது. தொப்புளைப் பஞ்சு வைத்துத் துடைத்து, அங்கே ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டி, கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்துவார்கள். வயிறு பூரி மாதிரி உப்பிக்கொள்ளும். அப்போதுதான் குடல் ஒதுங்கி இடம் தெரியும். கீழே இன்னும் ஒன்றிரண்டு சின்னத் துளை போட்டு, உறுப்புகளைத் தள்ளிப் பிடித்து ஒவ்வொரு மூலையாகப் பார்ப்பார்கள். பார்க்க மட்டும் என்றால் அரைமணி, முக்கால்மணி நேரம். குடலிலோ, மூத்திரப்பையிலோ, ரத்தக்குழாயிலோ பெரிய காயம் படுவது ஆயிரத்தில் இரண்டு பேருக்குப் போல. கையெழுத்து வாங்கும்போது அதைச் சொல்வார்கள், பயந்துவிடாதே.

கையெழுத்துப் போடும் முன்னால் ஒன்று கேட்டுக்கொள். புள்ளிகள் தெரிந்தால் அப்போதே எடுத்துவிடுவார்களா, இல்லை பார்த்துவிட்டு மூடிவிடுவார்களா? இதைக் கேட்காமல் விட்டு, இரண்டாம் தடவை படுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே எடுக்கிற படங்களின் நகலையும் கேட்டு வாங்கு.

இப்போது சொல்வதற்காகத்தான் இந்தக் கடிதமே எழுதுகிறேன். இப்படிப் பார்க்கப்படுகிற பெண்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிப்பேர் வரை ஒன்றும் தென்படுவதில்லை. எங்கள் வார்டில் அப்படி ஒரு பெண் இருந்தாள். ரிப்போர்ட்டில் "எல்லாம் நார்மல்" என்று இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார், "டாக்டரே ஒண்ணுமில்லன்னுட்டார், இனிமே ஒழுங்கா வேலையைப் பாரு" என்றார். அந்தப் பெண் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் டிரிப்ஸ் பாட்டிலை மாற்றிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிட்டேன். இன்றைக்கும் அந்த முதுகு என் கண்ணுக்குள் நிற்கிறது.

அவளிடம் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். குழாய்க்குத் தெரிவது மேற்பரப்பு மட்டும். அதே மாதிரித் திசு கர்ப்பப்பையின் சதைக்குள்ளேயே வளர்கிற அடினோமயோசிஸ் அதில் தெரியாது. கர்ப்பப்பையையும் மூத்திரப்பையையும் கீழிருந்து தாங்குகிற இடுப்புத்தளத் தசை இறுகிப்போனது தெரியாது, மூத்திரப்பையின் எரிச்சல் தெரியாது, குடல் கோளாறும் தெரியாது. வருஷக்கணக்கில் வலித்து வலித்து நரம்பே ஓயாமல் வலியைக் காட்டப் பழகிப்போயிருந்தால் அதைக் காட்ட ஒரு கேமராவும் இல்லை. ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னால் தலையாட்டிவிட்டு எழுந்து வராதே. "சரி, அடுத்து யாரைப் பார்க்கணும்?" என்று கேள். இடுப்புத்தளப் பிசியோதெரபி இருக்கிறது, வலிக்கென்றே தனி கிளினிக் இருக்கிறது. வலிக்கிறது என்று நீ சொன்னால் வலிக்கிறதுதான். பதினைந்து வயதில் நான் நம்பாததற்கும் சேர்த்து இப்போது நம்புகிறேன்.

வீட்டுக்கு அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். ஒருநாள் முழுக்க மாப்பிள்ளை கூடவே இருக்கட்டும். ஜீன்ஸ் வேண்டாம், நைட்டியோ இடுப்பு இறுக்காத பேண்டோ எடுத்துப் போ. தோள்பட்டை வலித்தால் மிரளாதே. மிச்ச வாயு நுரையீரலுக்குக் கீழே இருக்கிற உதரவிதானத்தை உறுத்துகிறது, அதற்கும் தோளுக்கும் நரம்பு வேர் ஒன்றானதால் வலி தோளில் தெரிகிறது. மெதுவாக நட, இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடத் தேவலை என்று இருக்க வேண்டும். வலி கூடினாலோ, காய்ச்சலோ வாந்தியோ வந்தாலோ, வயிறு கல்லாக இறுகினாலோ காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

டாக்டர் வந்து பேசும்போது நீ அரைமயக்கத்தில் இருப்பாய், ஒன்றும் மனதில் நிற்காது. மாப்பிள்ளையை ஒரு தாளில் எழுதிக்கொள்ளச் சொல். அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, டாக்டர் கையெழுத்தே ஆனாலும் நான் படித்துவிடுவேன். அப்புறம் கூப்பிடு. உனக்குச் சாயங்காலம் 6 மணி என்றால், இந்தக் குளிர்கால நேரத்துக்கு இங்கே ராத்திரி 11.30. முழித்துத்தான் இருப்பேன்.

அம்மா