கேட்டுக்கு உள்ளே இடித்தால்

அன்புள்ள யாழினிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் நீ அழுதுகொண்டே பேசியதில் பாதி புரியவில்லை. அப்பா வேறு பக்கத்தில் நின்று "பிரேக் பிடிக்கலையா, பிரேக் பிடிக்கலையா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதனால்தான் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

பேஸ்மென்ட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது எதிர் பிளாட்காரர் வண்டியின் பம்பரில் இடித்துவிட்டாய். யாருக்கும் அடி இல்லை. அவர் இருபதாயிரம் கேட்கிறார். உங்கள் அசோசியேஷன் செக்ரட்டரி, "காம்பவுண்டுக்குள்ள நடந்தது, பிரைவேட் இடம், போலீஸ், இன்சூரன்ஸ் எதுவும் செல்லாது, நாமளே முடிச்சுக்கலாம்" என்கிறார். இதுதானே விஷயம்? நீங்களே பேசி முடிக்கலாம், அது சரி. மற்றதெல்லாம் தப்பு.

இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளைம் பிரிவில் வேலை பார்த்த காலம் முழுக்க இந்தப் பேச்சை நான் கேட்டிருக்கிறேன். உன் பாலிசியில் ஓன் டேமேஜ் என்று ஒரு பகுதி இருக்கிறதே, உன் வண்டிக்கு ஆன சேதத்துக்கு, அது எந்த இடத்தில் இடித்தாய் என்றே கேட்காது. நெடுஞ்சாலையோ, கல்யாண மண்டபமோ, நம் வீட்டு போர்டிகோவோ, எல்லாம் ஒன்றுதான். சிக்கல் தேர்டு பார்ட்டியில்தான் வரும், அதாவது உன் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான பகுதியில். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 146-ஆம் பிரிவு, பொது இடத்தில் ஓடும் வண்டிக்குத்தான் இந்த இன்சூரன்ஸைக் கட்டாயமாக்குகிறது. பொது இடம் என்றால் பொதுமக்களுக்குப் போக உரிமை உள்ள இடம் என்று 2(34)-இல் இருக்கிறது. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கம்பெனி வக்கீல்கள் வருஷக்கணக்கில் வாதாடினார்கள். ஆனால் மும்பை, சென்னை உயர் நீதிமன்றங்களின் முழு அமர்வுகள், அனுமதி பெற்று ஆட்கள் வந்துபோகும் இடமும் இந்தச் சட்டத்துக்குப் பொது இடம்தான் என்று பரந்த பொருள் கொடுத்துவிட்டன. உங்கள் அபார்ட்மென்ட்டுக்குள் பால்காரர், கூரியர் பையன், தண்ணீர் லாரி, வேலைக்கு வரும் அக்கா என்று எத்தனை பேர் வருகிறார்கள்! வாட்ச்மேன் நோட்டில் கையெழுத்து வாங்குவதால் சட்டம் வெளியே நின்றுவிடாது.

ஆள் மேல் பட்டிருந்தால் இந்தக் கடிதமே வேறு மாதிரி இருந்திருக்கும். அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு, வண்டி ஓட்டியவர் முதலில் அடிபட்டவருக்கு வைத்தியம் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும், 24 மணி நேரத்துக்குள் போலீஸில் சொல்ல வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. சாலையா காம்பவுண்டா என்று அது பார்ப்பதில்லை. கிரிமினல் சட்டமும் அப்படித்தான். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், கண்மூடித்தனமாக ஓட்டுவதைப் பற்றிய 281 மட்டும்தான் பொதுவழிக்கு உரியது. காயம் உண்டாக்குவதைச் சொல்லும் 125-க்கும், அலட்சியத்தால் மரணம் என்ற 106-க்கும் இடம் ஒரு பொருட்டே இல்லை.

ஒரு ஃபைல் ஞாபகம் வருகிறது. ஒரு குடியிருப்புக்குள் வண்டி ரிவர்ஸ் வந்து வாட்ச்மேனின் பாதத்தில் ஏறிவிட்டது. ஏதோ கொஞ்சம் பணத்தைக் கையில் கொடுத்து, வெள்ளைத்தாளில் கைநாட்டு வாங்கி விஷயத்தை மூடிவிட்டார்கள். கால் குணமாகாமல் புண் வைத்து, ஆள் வேலையை விட்ட பிறகு அவர் மகன் எங்கள் கவுன்டருக்கு வந்தான். போலீஸில் பதிவு இல்லை. ஆஸ்பத்திரி சீட்டில் "கீழே விழுந்தார்" என்று எழுதியிருந்தது. விபத்து நடந்ததையே நிரூபிக்க முடியாமல் அந்தப் பிள்ளை அலைந்த அலைச்சல் இருக்கிறதே! இப்போது மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் நஷ்டஈடு கேட்டு மனு போட ஆறு மாதக் கெடு வேறு இருக்கிறது, 2022 ஏப்ரலிலிருந்து. அடிபட்டவர் ஏழையாக இருந்தால் "பேசி முடிச்சுக்கலாம்" என்பது பெரும்பாலும் அவர் வாயை மூடத்தான். நாளைக்கு உன் கண் முன்னால் அங்கே அப்படி எதுவும் நடந்தால் நீ அதற்குத் துணை போகாதே. ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்து, புகார் வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்கிக்கொடு.

சரி, உன் பம்பருக்கு வருவோம்.

வண்டியை ஏற்கெனவே நகர்த்திவிட்டாய், பரவாயில்லை. இன்றைக்கே கீழே போய் இரண்டு வண்டியையும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடு, தூணின் நம்பரும் தெரிய வேண்டும். அவர் பம்பரில் எத்தனை கீறல் இருக்கிறது என்று உற்றுப் பார். புதுக் கீறலில் விரலை வைத்துத் தேய்த்தால் பெயின்ட் தூள் ஒட்டும், உன் வண்டியின் வெள்ளையும் அதில் இழுபட்டிருக்கும். பழசில் அழுக்கு உறைந்து கறுத்திருக்கும். சேதத்தை மதிப்பிட கம்பெனி அனுப்பும் சர்வேயர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். இருபதாயிரத்தில் போன தீபாவளிக்கு வாங்கிய இடியும் சேர்ந்திருக்கலாம், யார் கண்டது! சிசிடிவி பதிவு சில நாளில் தானாக அழிந்துவிடும், அதனால் அதை எடுத்து வைக்கச் சொல்லி செக்ரட்டரிக்கு இப்போதே ஒரு மெயில் போடு. அவர் வண்டி மஞ்சள் கோட்டைத் தாண்டி ஒரு முழம் வெளியே நின்றது என்றாயே, அதையும் சொல், வெட்கப்படாதே. ரிவர்ஸ் எடுத்தவள் நீ என்பதால் பெரும் பொறுப்பு உன்னுடையதுதான். ஆனால் முழுப் பொறுப்பா என்பது வேறு கேள்வி.

நேரில் போய் "சாரி அங்கிள்" என்று சொல், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் வாட்ஸ்அப் குரூப்பில் "என் தப்புதான், முழுச் செலவும் தருகிறேன்" என்று எழுதாதே. கம்பெனியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒத்துக்கொள்ளவோ பணம் தர வாக்குக் கொடுக்கவோ கூடாது என்று பாலிசி நிபந்தனையிலேயே இருக்கிறது. கிளைம் போகிறாய் என்றால் சர்வேயர் பார்க்கும் முன் வண்டியை டிங்கரிங்குக்கும் விடாதே.

கிளைம் போகலாமா என்பது வெறும் கணக்கு. உனக்கு மூன்று வருஷம் கிளைம் இல்லை, அதாவது நோ கிளைம் போனஸ், கிளைம் போடாததற்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, 35 சதவீதம். அடுத்தது 45, அப்புறம் 50. ஒரு கிளைம் போட்டால் பூஜ்யத்திலிருந்து 20, 25 என்று மறுபடி ஏற வேண்டும். போனஸ் கழிக்காத ஓன் டேமேஜ் பிரீமியம் 8,000 என்று வைத்துக்கொள். அடுத்த வருஷம் 4,400 கட்ட வேண்டிய இடத்தில் 8,000 கட்டுவாய். அதற்கடுத்த வருஷம் 4,000-க்குப் பதில் 6,400. இப்படி ஐந்து வருஷத்தில் மொத்தம் 9,600 கூடுதலாகப் போகும். வண்டி மதிப்பு குறையக் குறைய இது கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். ஆக, உன் வண்டி வேலை இந்தத் தொகையைவிடக் குறைவாக முடிந்தால் கையிலிருந்து கொடுத்துவிடு. டெயில் லைட், பின்கதவு என்று இழுத்தால் மட்டும் கிளைம் போடு.

அவர் வண்டிக்கு ஷோரூம் எஸ்டிமேட்டைக் கேள். நியாயமான தொகை என்றால் கம்பெனியின் எழுத்துப்பூர்வ சம்மதத்தை வாங்கிக்கொண்டு, அதை நேரடியாக ஒர்க் ஷாப் கணக்குக்கே அனுப்பி, பில்லின் நகலும், இனி பாக்கி இல்லை என்று அவர் கையெழுத்திட்ட ஒரு வரியும் வாங்கிக்கொள். கையில் ரொக்கம் கொடுக்காதே. அவருக்கும் முழு பாலிசி இருந்தால் தன் கம்பெனியிலேயே கிளைம் போடலாம், போனஸ் போகுமே என்று அவரும் தயங்குவார். இருபதாயிரம் என்று வாயில் வந்ததைச் சொன்னதற்குக் காரணம் அதுவாகக்கூட இருக்கும்.

பாலிசியின் முதல் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பு. கம்பல்சரி டிடக்டிபிள், அதாவது ஒவ்வொரு கிளைமிலும் நம் கையிலிருந்து போக வேண்டிய தொகை, என்ற வரி தெரிகிற மாதிரி எடு. அது 1,000-ஆ 2,000-ஆ என்று பார்த்துவிட்டு ராத்திரி கூப்பிடுகிறேன். அப்பாவிடம் போனைக் கொடுக்க மாட்டேன், பயப்படாதே.

அன்புடன்,
அம்மா