கேள்வித் தகரம்: ஆசிரியர் – பெற்றோர் வட்டத்தின் 2024ஆம் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, ஆசிரியர்களே, பெற்றோரே, அனைவருக்கும் வணக்கம்.

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் ஆரம்பப் பிரிவில் கற்பிக்கும் ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்த எமது வட்டத்தின் 2024ஆம் ஆண்டறிக்கையை இச்சபை முன் வைக்கிறேன். சென்ற பொதுக்கூட்டத்தில் “வகுப்பறையில் பிள்ளைகளின் அறியும் ஆவலையும் ஆக்கத்திறனையும் வளர்ப்பது” என்று ஒரு தீர்மானம் எடுத்தோம். எல்லோரும் கை உயர்த்தினோம். அதற்கு என்ன செய்வது என்று அடுத்த நிர்வாகக் குழுவில் கேட்டபோது எல்லோரும் தேநீர்க் கோப்பையைப் பார்த்தோம்.

வழி காட்டியவர் குழுவிலுள்ள ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை. வினா ஆறு வகை என்கிறது நன்னூல். தனக்கு விடை தெரிந்திருந்தும் மற்றவருக்குத் தெரியுமா என்று பார்க்கக் கேட்பது அறிவினா. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியாவினா. “எங்கட வகுப்புகளில மணி அடிக்குமட்டும் முதலாவதுதான் ஓடுது. பிள்ளை வாயிலயிருந்து வாற ஒரே கேள்வி, ‘மிஸ், வெளியில போகட்டா’” என்றார் அவர். சிரித்தோம். பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஆண்டு முழுவதும் நாங்கள் செய்தது இவ்வளவுதான்: அந்த இரண்டாவது வகைக் கேள்விக்கு வகுப்பில் இடம் தேடியது.

மூன்று வகுப்புகளில் வகுப்புக்கொரு பழைய பிஸ்கட் தகரம் வைத்தோம். பிள்ளைகள் மனதில் தோன்றும் கேள்வியைத் துண்டுக் கடதாசியில் எழுதிப் போடலாம், பெயர் தேவையில்லை. முதல் வாரம் தகரத்தைத் திறந்தால், “இலங்கையின் தலைநகரம் எது?”, “ஏழு எட்டு எத்தனை?” என்று வரிசையாகத் துண்டுகள். கேள்வி என்றால் ஆசிரியர் கேட்பது என்றே பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். இந்த ஆண்டு என்னை அதிகம் உறுத்தியது அந்த முதல் வாரத் தகரம்தான்.

மூன்றாவது வாரத்தில் ஒன்று வந்தது: “காகம் வெயிலில ஏன் வாயைத் திறந்துகொண்டு நிக்குது?” காகத்துக்குப் பஞ்சமில்லாத ஊர் கொழும்பு. இருந்தும் ஆசிரியை அதற்குமுன் அதைக் கவனித்ததில்லை. பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி இல்லை, வாயைத் திறந்து மூச்சு வாங்கி உடற்சூட்டைத் தணிக்கின்றன என்பதை அவரும் பிள்ளைகளோடு சேர்ந்துதான் கண்டுபிடித்தார். அதன்பின் தகரம் நிறையத் தொடங்கியது. கடல் உப்பு, மழை ஏன் உப்பில்லை? தண்டவாளத்தில இடைக்கிடை வெட்டி விட்டிருக்கே, கோச்சி விழாதா?

ஏப்ரல் 7, ஞாயிற்றுக்கிழமை. ஏப்ரல் முற்பகுதியில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே வந்து போகும். கொழும்பில் அது 7ஆம் திகதி அளவில். அங்கத்தவர் ஒருவரின் மாடி வீட்டு மொட்டை மாடியில் பதினாறு பிள்ளைகளோடு கூடினோம். கருவிகள்: கழற்றிய தும்புத்தடிக் காம்பு ஒன்று, அது நேராக நிற்க மணல் நிரப்பிய பால்மா ரின், நூலில் கட்டிய சாவிக்கொத்து, வெண்கட்டி. 11.30 மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் புள்ளி வைத்தோம். நிழல் சுருங்கச் சுருங்கப் பிள்ளைகள் தரையோடு குந்திவிட்டார்கள். 12 மணிக்கு நிழல் முடியும் என்று ஆசிரியர் ஒருவர் உறுதியாகச் சொல்லியிருந்தார். 12 மணிக்கு இரண்டு விரல் அகல நிழல் இன்னும் கிடந்தது. 12.05க்கு ஒரு முகில் வேறு வந்து மறைத்தது. 12.12 தாண்டியபோது முகில் விலகியது. தடியின் நிழல் ரின்னுக்கு வெளியே இல்லை. ஒரு சின்னவன் எழும்பி நின்று தன் காலடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “அம்மா, என்ர நிழல காணேல்ல” என்றான்.

எட்டு வயதுப் பிள்ளை ஒன்று உடனே கேட்டது: “அப்ப மணிக்கூடு பிழையா, சூரியன் பிழையா?” ஆசிரியர் தலையைச் சொறிந்தார். பிறகு, “எனக்குத் தெரியாது மகள். பார்த்துச் சொல்றன்” என்றார். இருபத்திரண்டு வருட சேவையில் வகுப்பில் அவர் இப்படிச் சொன்னதே இல்லையாம். என்னிடம் பிறகு அவரே சொன்னார். அடுத்த கூட்டத்துக்கு விடையோடு வந்தார். எங்கள் மணிக்கூட்டு நேரம் கிழக்கு 82½ பாகை நெட்டாங்கை வைத்துக் கணிப்பது. கொழும்பு அதற்கு மேற்கே 80 பாகைக்குக் கிட்ட இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று பார்த்தால் பத்து நிமிடத்துக்கு மேல் வரும். மிச்ச இரண்டு நிமிடம், பூமி சூரியனை ஒரே வேகத்தில் சுற்றாததாலும் அதன் அச்சுச் சாய்ந்திருப்பதாலும் ஏற்படுவது. இந்த இரண்டாவது பகுதி பிள்ளைகளுக்கு முழுதாக விளங்கியது என்று சொல்லமாட்டேன். எனக்கும்தான்.

ஜூன் மாத ஆசிரியர் பட்டறையில் ஒரே ஒரு பயிற்சிதான் செய்தோம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு செக்கன் அளவே விடைக்குக் காத்திருந்தது தெரியவந்தது. அதை மூன்று செக்கனுக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன. வாய் திறக்காமல் இருந்த பிள்ளைகள் பேசினார்கள். பிள்ளைகளாகவே கேட்கும் கேள்விகளும் கூடின. நாங்களும் செய்து பார்த்தோம். மூன்று செக்கன் எவ்வளவு நீளம் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஓர் ஆசிரியை கையை முதுகுக்குப் பின்னால் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். மூன்றாவது விரலுக்கு முன் தானே விடையைச் சொல்லிவிட்டார். ரயில் கடவையில் கேற் திறக்கும்வரை ஹோர்ன் அடிக்காமல் நிற்பது இதைவிட லேசு என்றார் இன்னொருவர்.

ஓகஸ்ட் மாதம் தேசிய நூதனசாலைக்குப் போனோம். 1877இல் திறந்த அந்தக் கட்டடத்தை ஒரே நாளில் முழுதும் காட்டுவதில்லை என்று முன்கூட்டியே முடிவு. காலியில் 1911இல் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டின் முன் மட்டும் அரை மணி நேரம் இருந்தோம். சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் 1409இல் பொறித்த கல் அது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தென்னாவர நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்கும் காணிக்கை சொல்கிறது. கண்டெடுத்தபோது அது ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்தது என்றதும் பிள்ளைகள் வரலாற்றை விட்டுவிட்டு மதகைப் பிடித்துக்கொண்டார்கள். எழுத்துப் பக்கம் மேலேயா கீழேயா? மேலே என்றால் மிதித்தவர் ஒருவருமா வாசிக்கவில்லை?

சறுக்கியவற்றையும் சொல்லவேண்டும். சித்திரப் போட்டி என் யோசனை, அது பிழைத்தது. தலைப்பு ‘நான் பார்க்கும் கொழும்பு’. முக்கால்வாசிப் பிள்ளைகள் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓடு போட்ட வீடு, பக்கத்தில் தென்னை வரைந்தார்கள். வெள்ளவத்தையில் மலை எங்கே இருக்கிறது? பரிசு என்று அறிவித்ததும் போன ஆண்டு பரிசு பெற்ற படத்தையே எல்லோரும் தேடியிருக்கிறார்கள். அடுத்த குழு பரிசை விட்டுவிட்டு நடத்திப் பார்க்கலாம். ஒரு பாடசாலையில் தகரம் வைக்க அனுமதி கேட்டு இரண்டு கடிதம் எழுதினோம்; பதில் இல்லை.

பெற்றோரிடமிருந்து வந்த முறைப்பாடு ஒன்றுதான், ஆனால் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையை வைத்து அடிக்கடி வந்தது: “இது ஸ்கொலர்ஷிப்புக்கு வருமா?” இதைக் கேட்டவர்களைப் பார்த்து எங்களில் சிலர் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் இலவசக் கல்விக் காலத்தில், கையில் காசில்லாத வீட்டுப் பிள்ளை மத்திய கல்லூரிக்குப் போக வழி திறந்த பரீட்சை அது. சின்னப் பாடசாலையில் படிக்கும் பிள்ளைக்கு இன்றும் வேறு கதவு குறைவு. 200 புள்ளிக்காக ஞாயிறு முழுவதும் டியூஷனில் இருத்தும் தாயிடம் காகத்தைப் பற்றிப் பேசுவதற்கு நாங்கள் இன்னும் சரியான வார்த்தை கண்டுபிடிக்கவில்லை. செப்டெம்பர் 15ஆம் திகதிப் பரீட்சையின் வினாக்கள் முன்கூட்டியே வெளியான செய்தி வந்த வாரம், தகரத்தில் இப்படி ஒரு துண்டு: “கேள்வி கசியிறதெண்டா என்ன?”

செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல், நவம்பர் 14 பொதுத் தேர்தல் இரண்டுக்கும் ஆசிரியர்கள் கடமைக்குப் போனதால் இரு கூட்டங்கள் விடுபட்டன. கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். மொட்டை மாடியையும், அன்று பதினாறு பிள்ளைகளுக்குத் தேசிக்காய்த் தண்ணீரும் தந்த குடும்பத்துக்கு நன்றி. வெண்கட்டிப் புள்ளிகளைக் கழுவாமல் வைத்திருந்தார்கள். மே மாத மழைதான் கழுவியது.

விடை கொடுக்காத துண்டுகள் முப்பத்தொன்று இருக்கின்றன. அவற்றை ஒரே தகரத்தில் போட்டு வைத்திருக்கிறேன். மதகுக் கேள்வி மேலே கிடக்கிறது. இன்று தெரிவாகும் புதிய செயலாளரிடம் அதைக் கையளிக்கிறேன். மூடி இறுக்கம், கரண்டிக் காம்பால் நெம்பினால் திறக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்