இரண்டாம் வகுப்பு எடுக்கும் மகளுக்கு

கொழிஞ்சாம்பாறை,
பாலக்காடு மாவட்டம், கேரளம்

அன்பு மகள் பொன்மணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூணாற்றுப் பிள்ளைகள் அ முதல் ஔ வரை தடையின்றி ஒப்பிக்கிறார்கள், ஆனால் பலகையில் 'கொடி' என்று எழுதினால் வாசிக்காமல் நிற்கிறார்கள் என்றும், கேட்டெழுத்துப் போட்டால் நோட்டெல்லாம் பிழையாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். இரண்டும் ஒரே குறை என்று நினைத்துவிடாதே. காரணங்கள் வேறு, எனவே கற்பிக்கும் வழியும் வேறு.

'கொடி'யில் நிற்கும் பிள்ளை மந்தமான பிள்ளை அன்று. இடமிருந்து வலமாகப் போகும் அதன் கண் முதலில் கொம்பைச் சந்திக்கிறது, ஆனால் கொம்புக்கெனத் தனி ஒலி இல்லை. அடுத்து நிற்கும் ககரத்தைப் பார்த்து, அதன் பின்னால் வரும் காலையும் பார்த்து, மூன்றையும் சேர்த்த பிறகுதான் வாயைத் திறக்க முடியும். ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் பிரித்து எழுதும் வழக்கமே 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தத்தால் நிலைத்தது. அதற்கு முன் ஏடு படித்த பெரியவர்கள்கூட, குறிலா நெடிலா என்பதை இடம் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். ஏழு வயதுக் குழந்தை அங்கே தயங்குவதில் வியப்பில்லை.

ஆகவே 247 எழுத்தையும் வரிசையாக ஒப்பிக்க வைப்பதைச் சில வாரங்களுக்கு நிறுத்திவிடு. ப, ட, ம, க, ல என்ற ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டு, புள்ளி, கால், இகரக் குறி ஆகியவற்றோடு படம், பாடம், பல், கால், படி, மாடி என்று சொற்களாகவே வாசிக்கச் செய். அது கைவந்த பிறகு கொம்புக்குப் போ. கொம்பைத் தனி அட்டையில் எழுதிப் பிள்ளையின் கையிலேயே கொடு, அதுவே எழுத்தின் இடப்பக்கம் வைத்துச் சொல்லிப் பார்க்கட்டும். உகர, ஊகாரக் குறிகள் எழுத்துக்கு எழுத்து உருவம் மாறுவதால் (கு, சு, து, ரு என்று பார், ஒன்று போல் மற்றொன்று இல்லை) அவற்றைச் சொற்களின் வழியே ஒவ்வொன்றாகத்தான் கொண்டுவர வேண்டும். இதில் அவசரம் வேண்டாம், கண்ணு.

இனிக் கேட்டெழுத்து. நீ அனுப்பிய பிழைகளில் எலை, எடம், ஒலகம், கொடம் என்பவைதாம் அதிகம். அவற்றைச் சிவப்பு மையால் அடிப்பதற்கு முன் வாய்விட்டு வாசித்துப் பார். முதலெழுத்தில் இகரமோ உகரமோ நின்று, அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ வந்தால், பேச்சில் அவை எகரமாகவும் ஒகரமாகவும் மாறிவிடுகின்றன. வீட்டில் கேட்டதை அந்தப் பிள்ளைகள் அப்படியே எழுதியிருக்கிறார்கள் என்றால் அவர்களுடைய காது நன்றாக இருக்கிறது என்றே பொருள். 'பேசும்போது எலை, எழுதும்போது இலை' என்று சொல்லி, அதே போன்ற சொற்களை ஒரே நாளில் சேர்த்துக் கற்றுக்கொடு. வீட்டில் பேசுவது தப்பு என்று மட்டும் சொல்லிவிடாதே. அம்மா பேசுவது தப்பு என்றுதான் அது பிள்ளையின் மனத்தில் பதியும்.

லகர, ளகர, ழகரமும் ரகர, றகரமும் வேறு வகை. பேச்சில் 'வாளப்பளம்' என்று கேட்டு வளரும் குழந்தைக்கு எழுதும்போது காது உதவாது. இங்கேதான் மலையாளம் நமக்குத் துணை. 2017ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிறகு கேரளத்தின் எல்லாப் பள்ளிகளிலும் மலையாளம் கட்டாயமாகிவிட்டது, அது பிள்ளைகளுக்குச் சுமை என்று நம் பக்கத்துப் பெற்றோர் சிலர் வருந்துகிறார்கள். தமிழ்வழிப் பள்ளிகளில் தமிழுக்குரிய நேரம் குறையக் கூடாது என்பதில் எனக்கும் உறுதி உண்டு. ஆனால் எழுத்துப் பிழை என்ற இந்த ஒரு பொருளில் நான் அவர்களோடு உடன்படவில்லை. வழி, பழம், கிழக்கு, கிளி, முள்ளு, எலி, புலி, கரி, கறி ஆகியவற்றை மலையாளிகள் அந்தந்த ஒலியோடு அன்றாடம் பேசுகிறார்கள். மலையாளம் எடுக்கும் டீச்சரை உன் வகுப்புக்கு அழைத்து இவற்றைச் சொல்லச் சொல், பிள்ளைகள் அவர் நாக்கு மடங்குவதைப் பார்க்கட்டும். ந, ன இரண்டுக்கும் மலையாளத்தில் ஒரே எழுத்து என்பதால் அங்கே மட்டும் இந்த உதவி கிடைக்காது. அதற்கு நம் முறையே போதும்: சொல்லின் முதலில் நகரம்தான் வரும், தகரத்துக்கு முன் 'ந்', றகரத்துக்கு முன் 'ன்', டகரத்துக்கு முன் 'ண்'. பந்து, கன்று, வண்டு என்ற மூன்றையும் சுவரில் எழுதி ஒட்டிவிடு.

கையெழுத்து அழகைப் பற்றி இப்போது கவலைப்படாதே. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் வடமாநிலத்தாரின் பிள்ளைகள் உன் வகுப்பில் இருந்தால், அவர்களுக்குக் கேட்டெழுத்தே வேண்டாம். அவர்கள் முதலில் கதையும் பாட்டும் கேட்டுத் தமிழில் பேசட்டும்.

நாள்தோறும் ஒரு பிள்ளையை ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லி, அதைப் பலகையில் எழுதி, அந்தப் பிள்ளையையே வாசிக்க வை. 'அம்மா கொழுந்து எடுக்கப் போயிருக்கிறாள்' என்று தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து வரும் குழந்தை சொன்னால், அந்தக் 'கொழுந்து' என்ற ஒரு சொல்லுக்குள் கொம்பும் ழகரமும் தகரத்துக்கு முன் வரும் 'ந்' என்பதும் இருக்கின்றன, பொருளை விளக்க வேண்டிய தேவையும் இல்லை. பாடநூலின் முதல் பக்கத்தை விட இதை அவர்கள் விரைவில் வாசிப்பார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

அடுத்த கேட்டெழுத்தில் மதிப்பெண் போடாமல், பேச்சொலியால் வந்த பிழை, புள்ளி விட்ட பிழை, எழுத்து மாறிய பிழை என்று பிரித்து எழுதி எனக்கு அனுப்பு. எதை முதலில் எடுப்பது என்று அதைப் பார்த்து முடிவு செய்யலாம். நான் பயன்படுத்திய கொம்பு அட்டைகளை இந்த வாரமே தபாலில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் அம்மா