சிங்கப்பூரிலிருந்து தேன்கனிக்கோட்டைத் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு எல்லாரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

உங்கள் பள்ளிப் பண்பாட்டு நாள் பொறுப்பு உன்னிடம் வந்திருக்கிறது என்றும், இங்கே இத்தனை இனத்தாரும் எப்படி ஒன்றாக இருக்கிறார்கள் என்றும் கேட்டிருந்தாய். இங்கே ஜூலை 21 பள்ளிகளில் இன நல்லிணக்க நாள். 1964இல் அதே தேதியில் நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் கலவரம் மூண்டது. அதை நினைவில் வைத்து 1997 முதல் இந்த நாளை அனுசரிக்கிறார்கள். பிள்ளைகள் சேலை, மலாய்க்காரரின் பாஜு குரோங், சீனரின் சியோங்சாம் என்று உடுத்தி வருவார்கள். பார்க்க அழகுதான். ஆனால் உடையோடு நின்றுவிட்டால் அடுத்த வீட்டைப் பற்றிப் பிள்ளைக்கு ஒன்றுமே தெரியாமல் போகும்.

ஏனென்றால் தன் பண்பாடு எதில் இருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் வேறு. மலாய்க் குடும்பத்துக்கு அது அடுப்படியிலேயே தொடங்கிவிடும். சீனப் பெரியவர்களுக்கு முன்னோர் கடன் முக்கியம்; அவர்கள் நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் அடுக்குமாடிக்குக் கீழே வைத்த தகரத் தொட்டியில் காகிதக் காசு எரிப்பார்கள். நம்மவருக்குக் கோயில். 1827இல் எழுந்த சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் தீபாவளிக்கு முன் திரௌபதி அம்மனுக்குத் தீமிதி. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து சுமார் 4 கிலோமீட்டர் ஊர்வலமாக வந்து தீயில் இறங்குகிறார்கள். பாரதத் திருவிழாவில் அர்ச்சுனன் தபசும் படுகளமும் பார்த்து வளர்ந்த நம் பக்கத்தாருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

உனக்கு அதிகம் உதவப்போவது சாப்பாட்டு விஷயம். இங்கே பொது விருந்து என்றால் ஹலால் சான்றிதழ் பெற்ற சமையற்கூடத்தில் எல்லாருக்கும் சொல்லிவிட்டு, சைவத்தைத் தனியாக வரவழைப்பதே வழக்கம். 'பன்றி இறைச்சி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை' என்ற பலகை ஹலாலுக்கு ஈடாகாது. கோழி முறைப்படி அறுக்கப்படாமல் இருக்கலாம், குழம்பில் சமையல் மது சேர்ந்திருக்கலாம், ஜெல்லி மிட்டாயில் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கலாம். உணவங்காடிகளில் சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைக்கவும் ஹலாலுக்குத் தனி அடுக்கு உண்டு. சைவத்திலும் சிக்கல் இருக்கிறது. பௌத்த சைவத்தில் வெங்காயம், பூண்டு கிடையாது. சில கடைகளில் முட்டை இருக்கும். நம்மவருக்கு வெங்காயம் ஆகும், முட்டை ஆகாது. சமணர் கிழங்கே தொடமாட்டார். குவான்யின் அம்மனை வழிபடும் சீனர் பலர் மீன், கோழி உண்டாலும் மாட்டிறைச்சி உண்ணமாட்டார்கள். ஆகவே 'சைவம்' என்று மட்டும் சீட்டு வைத்தால் போதாது, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுத வேண்டும்.

பெரும்பாலும் குழப்பம் வருவது கரண்டியால்தான். அசைவக் கரண்டி ஒருமுறை சைவப் பாத்திரத்துக்குள் போய்விட்டால் அந்தப் பாத்திரமே வீண். சைவ மேசையையும் அசைவ மேசையையும் தள்ளிப் போட்டு, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பரிமாற ஒருவரை நிறுத்து. தாங்களாக எடுத்துக்கொள்ள விடாதே. சைவம் முதலில் தீர்ந்துவிடும், அசைவக்காரரும் அதை வாங்குவதால். 60 பேர் சைவம் என்றால் 80 பேருக்குச் சமைக்கச் சொல். ரமலானில் விருந்து வைக்காமல் இருப்பது நல்லது. வைத்தே ஆக வேண்டுமென்றால் நோன்பு திறக்கும் நேரத்துக்குப் பேரீச்சையும் தண்ணீரும் மேசையில் தயாராக இருக்கட்டும்.

அரசாங்கம் வகுத்த வரையறைகளும் உண்டு. வீவக, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் 1989 முதல் இன விகிதம். ஒரு கட்டடத்தில் சீனர் 87, மலாய்க்காரர் 25, இந்தியரும் பிறரும் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. தனித்தனிச் சேரிகள் உருவாகாமல் இது தடுத்தது. நான் அதை மதிக்கிறேன். ஆனால் சீனர் விகிதம் நிரம்பிய கட்டடத்தில் வீட்டை விற்கும் தமிழரோ மலாய்க்காரரோ சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருவோர் குறைகிறார்கள், விலையும் இறங்குகிறது. சேர்ந்து வாழ்வதற்கான விலையைச் சிறுபான்மையினர் கூடுதலாகக் கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பள்ளியில் ஆங்கிலத்தோடு தாய்மொழிப் பாடம் உண்டு. சீனம், மலாய், தமிழ். இவை போக இந்தி, வங்காளம், குஜராத்தி, பஞ்சாபி, உருது எடுக்கலாம். பட்டியலில் தெலுங்கும் கன்னடமும் இல்லை. நம் ஓசூர்ப் பக்கத்துத் தெலுங்கு வீட்டுப் பிள்ளை இங்கே வந்தால் தமிழோ இந்தியோ படிக்கும். அதன் வீட்டு மொழிக்குப் படிவத்தில் இடமே கிடையாது.

உன் விழாவில் அந்தத் தவறு நேரக் கூடாது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று நான்கு மொழி பேசும் பிள்ளைகள் உன் வகுப்பில் இருப்பார்கள். மலைக் கிராமத்து இருளர் பிள்ளைகளும் லம்பாடிப் பிள்ளைகளும் இருக்கலாம். கண்ணாடி வைத்துத் தைத்த லம்பாடிப் பாவாடையை வாடகைக்கு எடுத்து வேறு பிள்ளைக்கு மாட்டிவிடாதே. அந்த வீட்டுப் பெரியவர்களிடம் போ. எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று அவர்களே சொல்லட்டும். வேண்டாம் என்றால் விட்டுவிடு. ஒவ்வொரு வீட்டிலும் மூன்றே கேள்வி கேட்டால் போதும்: எதைச் சாப்பிட மாட்டீர்கள், எந்த நாளில் வர முடியாது, மேடையில் எதைப் பார்த்தால் மனம் நோகும்? தேதி குறிப்பதற்கு முன்பே கேட்டுவிடு. அழைப்பிதழ் அச்சான பிறகு கேட்டால் மரியாதைக்குச் 'சரி' என்று சொல்லிவிட்டு வராமல் இருந்துவிடுவார்கள்.

களியும் கீரைக் குழம்பும் இரண்டு மேசையிலும் வை. சீட்டை நான்கு மொழியிலும் எழுது. உருதுக்குப் அந்த வீட்டுப் பிள்ளைகளின் பெற்றோரையே எழுதச் சொல்.

அன்புடன்,
அக்கா