கைமாற்றுக்குப் பத்திரம் இல்லாவிட்டாலும் கெடு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நண்பருக்குக் கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்குப் புரோநோட்டு எழுதி வாங்கவில்லை என்றால் அதைத் தலைமுழுகிவிட வேண்டியதுதான் என்ற எண்ணம் படித்தவர்களிடமும் ஊறிப்போயிருக்கிறது. அண்மையில் தங்கள் வாசகர் கடிதப் பகுதியிலும் அன்பர் ஒருவர் அதையே எழுதியிருந்தார். உரிமையியல் நீதிமன்ற அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அதை மறுக்க விரும்புகிறேன். பத்திரம் இல்லாததால் பணத்தை இழந்தவர்களைக் காட்டிலும், தாமதத்தால் இழந்தவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கடன் ஒப்பந்தம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் விதிக்கவில்லை. வாய்மொழியாகப் பேசிக் கொடுத்த பணத்துக்கும் வழக்குத் தொடரலாம். எழுத்து இல்லாததால் உண்டாகும் குறை வேறு: உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37ஆம் கட்டளைப்படி விரைந்து முடியும் சுருக்கமுறை வழக்கு கிடைக்காது, சாதாரண வழக்காகத் தாக்கல் செய்து, சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை என எல்லாப் படிகளையும் ஏறித்தான் ஆகவேண்டும்.

சான்று விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வங்கிக் கணக்கு வழியாகவோ கைப்பேசிச் செயலி வழியாகவோ அனுப்பியிருக்கிறேன், அது போதாதா என்று கேட்கிறார்கள். பணம் போய்ச் சேர்ந்ததை வங்கிக் கணக்கு காட்டும். அது கடனாகப் போனதா என்பதைக் காட்டாது. அன்பளிப்பாகத் தந்தார், எனக்குத் தரவேண்டிய பழைய பாக்கியைத் தீர்த்தார் என்று எதிர்த் தரப்பு சொல்லும்போதுதான் வழக்கு திணறும். ஆகவே, 'அடுத்த மாதம் கட்டாயம் தந்துவிடுகிறேன்' என்று நண்பர் அனுப்பிய ஒருவரிக் குறுஞ்செய்தி வங்கி அறிக்கையைவிட மதிப்பு வாய்ந்ததாக ஆகிவிடக்கூடும். அந்தச் செய்தியை அச்செடுத்து வைத்தால் மட்டும் போதாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு மின்னணுப் பதிவுகளுக்கு உரிய சான்றிதழையும் கேட்கிறது. கைப்பேசியை மாற்றும் அவசரத்தில் பழைய உரையாடல்களை அழித்துவிடாமல் இருப்பது நல்லது.

இனி, கடிதம் எழுதத் தூண்டிய காரணத்துக்கு வருகிறேன். கேட்டபோது திருப்பித் தருவதாகப் பேசிக் கொடுத்த கைமாற்றுக்கு வழக்குத் தொடர, 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் மூன்று ஆண்டுகளையே அனுமதிக்கிறது. நண்பர் கைவிரித்த நாளிலிருந்து அந்த மூன்று ஆண்டுகள் தொடங்குவதாகப் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்; சட்டமோ கடன் கொடுத்த நாளிலிருந்தே எண்ணத் தொடங்கிவிடுகிறது. இன்ன தேதியில் தருவதாகப் பேச்சு இருந்திருந்தால் அத்தேதியிலிருந்து கணக்கிட இடமுண்டு என்றாலும், அப்படிப் பேசியதை மெய்ப்பிக்கும் பொறுப்பு கொடுத்தவருடையது. வேலை கிடைக்கட்டும், நிலம் விற்கட்டும், உடம்பு தேறட்டும் என்று நண்பர் சொல்லும் ஒவ்வொரு தவணையையும் மனிதாபிமானத்தோடு ஏற்றுக்கொண்டே வந்தவர், நான்காவது ஆண்டில் வழக்கறிஞரைத் தேடிப் போகிறார். கடன் உண்மையா பொய்யா என்ற கேள்விக்குள் போகாமலே வழக்கு தள்ளுபடியாகிறது. நல்ல மனிதருக்கே இந்த விதி அதிகமாக வலிக்கிறது என்பது என் கருத்து. ஆயினும் விதி அதுதான்.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் இந்தக் கெடு நின்றுவிடும் என்ற நம்பிக்கையும் தவறானது. நோட்டீஸால் காலவரம்பு ஒரு நாள்கூட நீளாது. நீட்டக்கூடியவை வேறு: கெடு முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு கடன்பட்டவர் கையெழுத்திட்டுத் தரும் எழுத்து (18ஆம் பிரிவு), அல்லது ஒரு பகுதியைத் திருப்பிச் செலுத்தி, செலுத்தியதைத் தம் கையெழுத்தால் அவர் பதிவு செய்வது (19ஆம் பிரிவு). இவற்றில் எது நிகழ்ந்தாலும் அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள் கிடைக்கும். எனவே, கொடுக்கும்போது பத்திரம் கேட்கக் கூச்சப்பட்டவர், தவணை கேட்டு நண்பர் வரும்போதாவது 'இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு' என்று கேட்கலாம். தர மனமுள்ளவர் மறுக்க அதில் ஒன்றுமில்லை. கெடு கடந்த பிறகும், தருவதாகக் கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தால் அந்த வாக்குறுதி செல்லும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால், அந்தக் கட்டத்தில் எழுதித் தருபவர் அரிது.

நோட்டீஸே வீண் என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். வட்டி பேசாமல் கொடுத்த கடனுக்கு, வட்டி கோருவதாக எழுத்தில் அறிவித்தால், அந்த அறிவிப்பில் குறித்த நாளிலிருந்து வட்டி வழங்க 1978ஆம் ஆண்டின் வட்டிச் சட்டம் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. நண்பர் காசோலை கொடுத்து அது பணமின்றித் திரும்பியிருந்தால், வங்கியிடமிருந்து தகவல் வந்த 30 நாள்களுக்குள் நோட்டீஸ் அனுப்புவது கட்டாயம். அதைத் தவறவிட்டால் அந்தத் தகவலை வைத்துச் செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் வழக்குத் தொடர முடியாது.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் பணம் வந்துவிடும் என்று சிலர் அலைகிறார்கள். வாங்கும்போதே ஏமாற்றும் நோக்கம் இருந்தது என்று காட்ட முடியாத வரையில் அது உரிமையியல் விவகாரமே. ஆள் வைத்து மிரட்டி வாங்கும் கட்டப்பஞ்சாயத்துக்குப் போகிறவர் தாமே குற்றவாளியாகிவிடுவார்.

1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வழக்குத் தொடரும் முன்பே மக்கள் நீதிமன்றத்தில் மனு கொடுக்கலாம். அதற்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை. இரு தரப்பும் உடன்பட்டு ஏற்படும் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதை எதிர்த்து மேல்முறையீடும் இல்லை. நண்பர்களுக்கு இடையிலான கைமாற்றுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. எதிர்த் தரப்பு உடன்படாவிட்டால் வழக்குக்குத்தான் போகவேண்டும் என்பதால், கெடுவின் கடைசி மாதம் வரை காத்திராமல் முன்னதாகவே மனு கொடுப்பது உசிதம். மக்கள் நீதிமன்றம் கூடும் நாள்களை அறிவிக்கும் செய்திகளில், வழக்குத் தொடராதவர்களும் மனு செய்யலாம் என்பதையும், மனு எங்கே கொடுப்பது என்பதையும் தங்கள் நாளிதழ் தவறாமல் சேர்த்து வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்